பேய் வீட்டு வாசலில் மூன்று படி

இன்று திருத்தணி ஆடிக் கிருத்திகைப் பொருட்காட்சியில் பேய் வீடு பார்க்கப் போனேன். டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். வாசலில் மூன்று படி. என் சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிட்டது.

"பலகை ஒண்ணு போட்டா ஏறிடும்" என்றார் என்னைத் தள்ளிவந்த அக்காள் கணவர்.

"உள்ள பயந்துட்டாருன்னா யாருங்க தூக்கினு ஓடறது?" என்றார் வாசல்காரர்.

"பயப்படத்தானே டிக்கெட் எடுத்தேன்?" என்றேன்.

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மண்டையோட்டு முகமூடி போட்ட பேய் ஒன்று பட்டப்பகலில் படியிறங்கி வந்து, என் முகத்தருகே "ஊ" என்றது. பிறகு, "போதுங்களா?" என்று பணிவாகக் கேட்டது.

"பாத்துட்டீங்கல்ல, கெளம்புங்க" என்றார் வாசல்காரர்.

கோபத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஒரு பலகைக்கு இவ்வளவு பயப்படும் மனிதரை வெளியிலேயே பார்த்துவிட்டேன். உள்ளே போய்வந்தவர்கள் சொல்லுங்கள், அங்கே இதைவிடப் பயங்கரமாக ஏதாவது இருந்ததா?