வார்த்தைக்கு ஓர் ஆள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கோச்சிங் சென்டரில் ஒரு தடிப் புத்தகம் கொடுப்பார்கள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, இங்கிலீஷ்காரனே மறந்துபோன வார்த்தைகளாக அடுக்கியிருக்கும். ராமநாதபுரத்தில் அதை வாங்கி, அபிராமம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே எனக்கு எரிச்சலாக இருந்தது. பேங்கில் சலானை வாங்கிச் சீல் குத்துவதற்கு இத்தனை வார்த்தை எதற்கு? ஆனால் அதுதான் எனக்குக் கடைசிப் பரீட்சை. அந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. தேறினால் பேங்க் வேலை. தேறாவிட்டால் தொண்டியிலிருந்து மாமா கொண்டுவரும் மாப்பிள்ளை. இறந்துபோன அம்மாவின் தம்பி அவர், எங்களுக்குக் கெட்டது நினைக்கிறவர் இல்லை. மாப்பிள்ளைக்கு மளிகைக் கடை உண்டு, முதல் மனைவி தவறிப்போய், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் உண்டு. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அவர் வேண்டாம், அவ்வளவுதான்.

வார்த்தைகள் மண்டையில் ஏறவே இல்லை. காலையில் படித்தது மத்தியானத்துக்குள் ஆவியாகிவிடும். அண்ணன் பெண்டாட்டிதான், என் மதினி, வழி சொன்னாள். மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். களத்தில் காயப்போட்ட முண்டு வத்தலில் நல்ல சிவப்பு ஒரு பக்கம், மழை பட்டு வெளுத்தது ஒரு பக்கம். தும்மிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டியவள், "வெறுமனே படிச்சா எப்பிடி நிக்கும்? ஒவ்வொண்ணுக்கும் ஊருக்குள்ள ஒரு ஆளப் புடிச்சுப் போடு. ஆளு மறக்குமா?" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வேலையாயிற்று. பார்சிமோனியஸ் என்றால் கஞ்சன். அது டீக்கடைக்காரருக்குப் போனது. அவர் போடும் டீயில் கிளாஸின் அடிப்பாகம் தெரியும். கேருலஸ் என்றால் ஓயாமல் பேசுகிறவர். தெற்குத் தெரு அத்தையை விட்டால் அதற்கு வேறு யார்? குழாயடியில் அத்தை பேசி முடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடும். மோரோஸ், உம்மணாமூஞ்சி, என் பங்குக்கு வந்தது. நான் சண்டை போட்டேன். மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வரச் சொன்னாள் மதினி.

ப்ரொகிராஸ்டினேட் வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. "தள்ளிப்போடுறது. உங்க அண்ணன்" என்றாள். அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். அடுத்த மாசம் வாரேன் என்று ஒவ்வொரு மாதமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு, வெளுத்த வத்தல் ஒன்றை நல்ல சிவப்புப் பக்கம் போட்டாள்.

கெட்ட வார்த்தைகளுக்கு ஆள் தட்டுப்பாடே இல்லை. ஏழை என்பதற்கு அந்தப் புத்தகத்தில் எத்தனையோ வார்த்தைகள், எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் ஆள் இருந்தது, வரிசையில் நிற்கக்கூட ஆள் இருந்தது. நல்ல வார்த்தைகளில்தான் திண்டாடினோம். ஆப்யுலன்ட், செல்வத்தில் புரள்கிறவர், ஒருவரும் அகப்படவில்லை. ஜூபிலன்ட் என்றால் ஆனந்தத்தில் துள்ளுவது. தேடிச் சலித்துக் கடைசியில் கறிக்கடை நாயைப் போட்டோம், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

ஆப்ஸ்டினேட் என்னைப் பெற்ற அய்யாவுக்கு. அதில் இரண்டு கருத்து இல்லை. ஊரில் பாதிப் பேர் நிலத்தைக் கருவேலத்துக்கு விட்டுவிட்டு, அதை வெட்டி மூட்டம் போட்டு எரித்துக் கரி விற்கப் போய்விட்டார்கள். அய்யா விடவில்லை. நாற்று அழுகினால் மறுபடி நடுவார். காயும் நேரத்தில் மழை வந்தால் வானத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டார், "எனக்கென்னத்தா பேரு வச்சிருக்கிய?"

சொன்னேன். பிடிவாதக்காரன் என்று அர்த்தத்தையும் மறைக்காமல் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் முகம் மலர்ந்துவிட்டது. "சரியாத்தான வச்சிருக்க. அது இல்லாட்டி இந்த மண்ணுல எவன் வெதப்பான்?" என்றார். டீக்கடையில் போய், எம்மக எனக்கு இங்கிலீசுல பேரு வச்சிருக்கா, ஆப்சினேட்டு, என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். தன் பேரைத் தெரியாமல் பார்சிமோனியஸும் கேட்டுத் தலையாட்டினாராம்.

வயது வரம்பைப் பற்றி அய்யாவிடம் சொல்லித்தான் இருந்தேன். அவர் அதைக் காதில் ஏற்றிக்கொள்ளவில்லை. தனக்குப் பிடிக்காத எதையும் அவர் காது வாங்காது.

பரீட்சை, ராமநாதபுரம் தாண்டி ஒரு கல்லூரியில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷ் பகுதியைத் திறந்தேன். நாங்கள் பாடுபட்டுத் திரட்டி வைத்த ஊர்ஜனத்தில் ஒருவர்கூட அன்றைக்கு வரவில்லை. டீக்கடைக்காரர் வரவில்லை, அத்தை வரவில்லை, அய்யா வரவில்லை. ஏதோ ஒரு நாட்டு வட்டி விகிதத்தைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை, அதைப் படித்து விடை சொல்ல வேண்டும், கடிகாரம் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரையும் தெரிந்து வைத்திருந்த நான், ஒருவரையும் தெரியாத ஊரில் இறங்கியவளைப் போல முழித்தேன். வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரிசல்ட் வந்த அன்றும் நாங்கள் களத்தில்தான் இருந்தோம். போனில் பார்த்தேன். மதினியிடம் நீட்டினேன். அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மிளகாய்க் கொல்லையிலிருந்து சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அய்யாவுக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"போனாப் போகுது, விடு. அடுத்த வருசம் எழுது. உங்க மாமன்ட்ட வேணாம்னு நான் சொல்லிக்கிறேன். என்னய என்னன்னு நெனச்ச, ஆப்சினேட்டுல்ல?"

"இனிமே எழுத முடியாதுய்யா. வயசு முடிஞ்சிருச்சு."

"யாரு வயசு?"

"என் வயசுதான். இத்தன வயசுக்கு மேல எழுத விடமாட்டாக."

அய்யா சாக்கை இறக்கி வைத்தார். "வயசு கூடுனா படிச்சது மறந்துருமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"மறக்காதுய்யா."

"அப்ப ஏன் விடமாட்டாக?"

"அது அப்பிடித்தான்யா. சட்டம்."

"யார்ட்டயும் போயிக் கேக்க முடியாதா?"

முடியாது என்று தலையாட்டினேன். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டத்தைத் திட்டலாம், மாமாவைத் திட்டலாம், என்னையாவது திட்டலாம். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்து போனை எடுத்தார். எங்கள் முன்னாலேயே பேசினார். "மச்சான், வெள்ளிக்கெழம அவுகள வரச் சொல்லுங்க." பேசிவிட்டு என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். பரீட்சை போனதற்கு நான் அழவில்லை. அய்யாவின் அந்தக் குரலுக்குத்தான் அழுதேன். அந்தக் குரலில் அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது தொண்டியில் இருக்கிறேன். கல்லாவில் உட்காருகிறேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், பிள்ளைகளும் தொந்தரவு இல்லை. இரவல் வாங்கிய வீட்டில் இருப்பதுபோலப் பார்த்துப் பார்த்துப் புழங்குகிறேன். படித்த வார்த்தைகளில் ஒன்றும் மறக்கவில்லை. சாமான் வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்ததும் ஏதாவது ஒன்று தானாக வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

என் கல்யாணத்துக்கு அடுத்த புரட்டாசியில் அய்யா மிளகாய் போடவில்லை. அதற்கடுத்த வருடமும் போடவில்லை. இந்த வாரம் போன் பண்ணிய மதினி, மிளகாய்க் கொல்லையில் கருவேலம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது, மூட்டக்காரர்கள் வந்து விலை பேசிவிட்டுப் போனார்கள், அய்யா சரி என்று சொல்லிவிட்டார் என்றாள். அண்ணன் அடுத்த மாசம் வருகிறானாம். பிறகு பழைய பழக்கத்தில், "அந்த ஆப்சினேட்டுக்கு இங்கன இப்ப ஆளே இல்ல. வேற யாரப் போடுவோம்?" என்று கேட்டாள்.

"கடைக்கு ஆளு வந்துருச்சு மதினி, வைக்கிறேன்" என்றேன். கடையில் யாரும் இல்லை.