நாலாம் வயிறும் தெருக் கழுநீரும்

எங்கள் தெருவில் யாரும் கழுநீரைச் சாக்கடையில் கொட்டுவதில்லை. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் எங்கள் வாசலோரக் கல்தொட்டிக்கு வந்துவிடும். நான் கல்லிடைக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தத் தொட்டி காய்ந்து பார்த்ததில்லை. இப்போது அதற்கு உரிமைக்காரி எங்கள் கலப்பினப் பசு.

சித்திரையில் இரண்டாவது கன்று ஈன்றவள் பாலாகக் கொட்டினாள். வினையே அதில்தான். பால் பெருகப் பெருக மாடு இளைத்தது. கடலைப்பிண்ணாக்கை அள்ளிப் போட்டும் விலா எலும்பு தெரிந்தது. பாளையங்கோட்டையில் ஆபீஸ் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் தொழுவத்தை எட்டிப் பார்த்து, "பாக்கச் சகிக்கலை, கொடுத்திருவோம்" என்பார். ஆடி கழிந்ததும் வந்து பார்க்கும்படி தச்சநல்லூர் மாட்டு வியாபாரி ஒருவரிடம் சொல்லியும் விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தலையீற்றில் அவள் தவித்தபோது கன்றைப் பிடித்து இழுத்தவள் நான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டு வரச்சொல்லி அவரிடம் சண்டை போட்டு அனுப்பினேன். போனவர் ஒரு மூட்டைத் தீவனத்தோடும் ஒரு பிரசங்கத்தோடும் திரும்பினார். மாட்டுக்கு வயிற்றில் நாலு அறையாம். முதல் அறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பிண்ணாக்கின் புரதத்தை அங்கேயே உடைத்துவிடுமாம். நிறையக் கறக்கும் மாட்டுக்கு அப்புறம் கிடைப்பது போதாதாம். இந்த மூட்டையில் உள்ள பிண்ணாக்குக்கு மட்டும் ஒரு காப்பு கொடுத்திருக்கிறார்களாம். அது முதல் அறையைத் தப்பித்துப்போக, நாலாம் அறையின் புளிப்பில்தான் அந்தக் காப்பு விட்டுப்போகுமாம். சோறு ஆறிப்போகும்வரை சொன்னார்.

உசந்த சரக்காயிற்றே என்று பயபக்தியோடு அளந்து, நன்றாகப் புளித்த கழுநீரில் ராத்திரியே ஊறப் போட்டேன். பிண்ணாக்கை ஊறவைக்காமல் மாட்டுக்கு வைப்பவளும் ஒரு பொம்பளையா?

மூட்டை பாதியானது, மாடு அப்படியேதான் நின்றது. கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வந்த டாக்டரம்மா தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தார்.

"அக்கா, நாலாவது வயித்துல நடக்க வேண்டியதைத் தொட்டியிலேயே நடத்திட்டீங்களே! இதை உலர்ந்தபடியேதான் வைக்கணும். சார்கிட்ட சொன்னேனே."

சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "நாலு வயித்தையும் சொன்னீயளே, தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீயளா?"

"அது சின்ன விஷயம்லா, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார். அன்றைக்குக் காப்பி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஓலைப்பெட்டியில் உலர்ந்த தீவனத்தை வைத்தேன். மகராசி தீவனத்தை முடித்துப் பெட்டியையும் தின்றாள். அப்புறம் பழைய இரும்புச்சட்டியில் வைத்து, அவள் கவிழ்த்துவிடாதபடி தொட்டிக்குள் இறக்கினேன். அடுத்த சிக்கல் தெரு. விடிந்ததும் ஆளாளுக்கு வாளியோடு வந்து தொட்டியில் சாய்க்க, கழுநீர் சட்டிக்குள்ளும் பாய்ந்தது. மாடு தின்று முடிக்கும்வரை ஊற்ற வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

எதிர்வீட்டு மைனிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுக் கழுநீர் ஆகாமப் போச்சோ?"

என் வீட்டுக்காரரின் பிரசங்கத்தை ஒரு எழுத்து விடாமல் அவளிடம் ஒப்பித்தேன். அது உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். மறுநாள் காலையில் மைனி இடுப்பில் வாளியோடு நின்று, "உள்ளதைத் தின்னுட்டாளா? ஊத்தலாமா?" என்று கேட்டாள். கொஞ்ச நாளில் தெருவே அப்படிக் கேட்க ஆரம்பித்தது.

விலா எலும்பு பைய மறைந்தது. பாலும் ஏறியது. வியாபாரியை எல்லோரும் மறந்தே போனோம்.

ஆவணி பிறந்ததும் அவர் சொன்னபடி வந்து நின்றார். என் வீட்டுக்காரர் அசடு வழியத் தலையைச் சொறிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு மைனி வாளியோடு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, யாரைப் பாக்க வந்தீய?"

"மாடு விலைக்குன்னு சார் சொன்னாகளே..."

"எங்க மாட்டை விக்கதுக்கு இவுக யாரு?" என்று சொல்லிவிட்டு, சட்டி காலியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகு கழுநீரை ஊற்றினாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி, காப்பி குடிச்சிட்டுப் போங்க. நம்ம மாட்டுப் பாலுதான்."