எயார் ஃபில்டரும் சில ஞாயிற்றுக்கிழமைகளும்

கலியாணம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. வேலணைத் தீவில், சரவணை என்ற ஊரில் என் மனைவியின் வீட்டில் இருந்தோம். இருவருக்கும் வேலை யாழ்ப்பாணத்தில். நான் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் இருந்தேன், அவள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தாள். நான் தனியனாகக் கொழும்பில் இருந்த நாட்களில் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஜப்பான் கார் ஒன்று எங்களிடம் இருந்தது. இரண்டே கதவு, நிலத்தோடு ஒட்டிய உடம்பு. பின் இருக்கையில் ஒரு ஆளை ஏற்றினால் இறக்குவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். ஆனால் எஞ்சினை முறுக்கினால் அது பாயும் பாய்ச்சலுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் பாய்ச்சலும் போதவில்லை என்று தோன்றியதற்குக் காரணம் யூடியூப். எஞ்சினுக்குக் காற்றை வடித்து அனுப்பக் காருடன் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரும் பளபளக்கும் குழாயும் பூட்டியவர்கள் எல்லோரும் வீடியோவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று எடுப்பித்தேன். ஊர்காவற்றுறையில் ஒரு மெக்கானிக் இருந்தார், என் வயதுதான். கடற்தொழில் செய்யும் குடும்பம். படகு எஞ்சின், மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் அவர் கையில் ஒன்றுதான். பெட்டியைத் திறந்து ஃபில்டரைக் கண்டதும் என்னைவிட அவருக்குத்தான் சந்தோசம்.

"பாரும், இவ்வளவு நாளும் இந்த எஞ்சின் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஓடியிருக்கு. இப்ப வாயைத் திறந்து மூச்சு விடட்டும்" என்றார்.

பூட்டி முடித்து அல்லைப்பிட்டிப் பக்கம் ஒரு மிதி மிதித்தேன். பொனற் மூடிக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டியது போல இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியை ஏற்றிக்கொண்டு திரும்பவும் போய்க் காட்டினேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

"உங்கட கார் இப்ப வேகமாப் போகுதோ, இல்லாட்டிச் சத்தமாப் போகுதோ?"

"உமக்கு என்ன தெரியும் கார் பற்றி?"

"ஒண்டும் தெரியாது. அதாலதான் கேக்கிறன். அளந்து பாப்பமே?"

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. விடியற்காலை, குறிகாட்டுவான் பஸ்கள் ஓடத் தொடங்கும் முன்பு, தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்துக்குப் போவோம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், நடுவில் நேர்கோடாக வீதி, ஒரு மேடு பள்ளம் இல்லை. மூன்றாம் கியரில் முப்பதிலிருந்து எழுபது வரை நான் ஓட்ட, அவள் பக்கத்தில் இருந்து வேகமுள்ளை ஃபோனில் வீடியோ எடுப்பாள். பிறகு வீட்டில் அதைப் போட்டு, முள் முப்பதைத் தாண்டியதற்கும் எழுபதைத் தொட்டதற்கும் இடையில் எத்தனை செக்கன் என்று ஒரு கொப்பியில் எழுதுவாள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று ஒரு திசைக்கு உதவும், மற்றத் திசைக்கு இடிக்கும் என்று ஒவ்வொரு முறையும் போகவும் வரவும் இரண்டும் அளக்கவேண்டும் என்பது அவள் சட்டம்.

ஒரு நாள் பாலத்துக் காவலரணில் நின்ற கடற்படைச் சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினான். ஐந்தாம் முறை நாங்கள் அவனைத் தாண்டிப் போகிறோம்.

"கார் பழுதா?" என்று தெரிந்த தமிழில் கேட்டான்.

"பழுதில்லை, சோதினை" என்றாள் அவள். அவனுக்கு என்ன விளங்கியதோ, சிரித்துக்கொண்டு போகவிட்டான்.

அவள் கொப்பியில் வந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. பழைய பெட்டியோடு ஓடியதற்கும் புதுக் கூம்போடு ஓடியதற்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஒரே ஃபில்டரோடு இரண்டு தரம் ஓடினால் வரும் வித்தியாசம் அதைவிடக் கூடுதல். இன்னும் மோசம், ஒரு நாள் மத்தியானமும் போய் அளந்தபோது, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஓடினால் புதியது பின்தங்கியது.

மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் பொனற்றைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார்.

"ஓம், டீச்சர் சொல்லுறது சரிதான். இது எஞ்சின்ரை சூட்டுக் காத்தையே திருப்பிக் குடிக்குது. பழைய பெட்டி வெளிக்காத்தை எடுத்தது. குழாயை நீட்டி பம்பருக்குப் பின்னாலை இறக்குவம். கீழை குளிர்காத்து வரும்."

நீட்டினோம். அடுத்த ஞாயிறு காலையும் மத்தியானமும் அளந்தோம். மத்தியான நட்டம் இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான். ஆனால் என் முதுகு வேறு கதை சொன்னது. "உம்மடை கொப்பிக்குத் தெரியாது, இருந்து ஓட்டுற எனக்குத் தெரியும்" என்று அடம்பிடித்தேன்.

அவள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். இதற்குள் அவள் யாழ்ப்பாணத்தில் வாகனம் பழகி லைசன்சும் எடுத்துவிட்டாள். நான் ஓட்டினால் புதுக் குழாய்க்காக என்னை அறியாமலே கூடுதலாக மிதித்துவிடுவேன் என்ற சந்தேகம்தான் தன்னைப் பழக வைத்தது என்று பின்னால் சொன்னாள். அந்த ஞாயிறு மெக்கானிக்கும் எங்களோடு வந்தார். நான் கடலைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நிற்கவேண்டும். காதில் பஞ்சு, அதற்கு மேல் அவர் இரும்பு அராவும்போது போடும் காதுமூடி. அவள் காசு சுண்டுவாள். தலை விழுந்தால் புதுக் குழாய், பூ விழுந்தால் பழைய பெட்டி. மாற்றத் தேவையில்லாத தடவையிலும் எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் அதே அளவு நேரம் பொனற்றுக்குள் குனிந்து நின்றார். பிறகு என்னைக் கண்ணைக் கட்டிப் பக்கத்து இருக்கையில் ஏற்றி, அவள் ஓட்டினாள்.

ஆறு தரம் ஓடினாள். ஒவ்வொரு தரமும் எது பூட்டியிருக்கிறது என்று நான் மிக நிச்சயமாகப் பதில் சொன்னேன். இரண்டுதான் சரி.

"அப்ப காசைச் சுண்டிக் கேட்டிருந்தாலே இதைவிடக் கூடச் சரி வந்திருக்கும்" என்றாள். மெக்கானிக் வீதியோரத்தில் குந்தியிருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நீண்ட குழாயைக் கழற்றவும் மறுத்துவிட்டேன்.

மாரி வந்தது. கடலில் உருவான தாழமுக்கம் ஒன்று மூன்று நாளாக மழையைக் கொட்டித் தீர்த்து, வேலணையில் ஒரு தாழ்ந்த இடத்தில் வெள்ளம் வீதியை மூடி நின்றது. வேலை முடிந்து இருவரும் வந்துகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஓட்டோ மெதுவாகக் கடந்து போனது.

"கொஞ்சம் நில்லுங்கோ. உங்கட குழாயின்ரை வாய் எங்கை இருக்கு?" என்று கேட்டாள்.

"ஓட்டோவே போகுது" என்று சொல்லிக் காரைத் தண்ணீருக்குள் விட்டேன். தண்ணீர் பம்பரைத் தொட்டது. பாதித் தூரத்தில் ஒரு அடி விழுந்தது போலச் சத்தம், அதோடு எஞ்சின் அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம், தண்ணி உள்ளை போயிட்டுது. இன்னும் உடைப்பியள்."

இறங்கினோம். முழங்காலளவு தண்ணீர். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் தள்ளினோம். அசையவில்லை. வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் லான்ட்மாஸ்டர் என்ற தன் இரண்டு சில்லு உழவு மெசினைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துவிட்டார். மெக்கானிக் வந்து பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுற்றியபோது உள்ளேயிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்தது. ஒரு பிஸ்டன் தண்டு வளைந்திருந்தது.

அன்று வீட்டில் அவள் "சொன்னனான்தானே" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும்" என்றாள். "அப்பிடிச் சொல்லியிருந்தியள் எண்டால் நான் அளந்திருக்கவே மாட்டன். வேகம் எண்டு சொன்னதாலதான் அளந்தனான்."

"பிழை என்னிலைதான்" என்றேன். அந்த வீட்டில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

தண்டு கொழும்பிலிருந்து வர மூன்று மாதம் பிடித்தது. அதுவரை இருவரும் பஸ்ஸில் போய்வந்தோம். இடம் கிடைத்தால் அவள் ஜன்னலோரம். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் யாரும் பார்க்காதபடி தன் விரலால் என் கையில் செக்கன்களைத் தட்டி எண்ணுவாள். திருத்தி வந்த காரில் பழைய பிளாஸ்டிக் பெட்டியே திரும்பப் பூட்டியிருந்தது. கழுவிப் போடும் நல்ல ஃபில்டர் ஒன்றை மட்டும் மெக்கானிக் உள்ளே வைத்துத் தந்தார். உப்புக் காற்றுக்கு அதை அடிக்கடி பார்த்தாலே போதும் என்றார். அது உண்மைதான். பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அந்தக் குழாய் பூட்டலாமா என்று. சத்தம் வேண்டுமென்றால் பூட்டுங்கள், வெள்ளத்தில் மட்டும் விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மூத்தவள் பிறந்தபோது இரண்டு கதவுக் காரில் குழந்தையை ஏற்றி இறக்க ஏலாது என்று அதை விற்றுவிட்டோம். இப்போது எங்களிடம் இருப்பது சத்தமே போடாத ஒரு வான். அதை வாரநாட்களில் பெரும்பாலும் அவள்தான் ஓட்டுகிறாள். பாலத்தில் போகும்போது பின்னால் பிள்ளைகள் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலை வெளிச்சமும், ஃபோனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "இப்ப!" என்று அவள் கத்தும் குரலும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. எங்களுக்குள் எது சரி என்று சேர்ந்து தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்போது அவள் அளந்து சொன்னதெல்லாம் எனக்குத் தோல்வியாகத் தெரிந்தது.