அம்மனுக்கு மட்டும் சொன்னது

நான்காக மடித்து, முனையில் மஞ்சள் தடவிய வேண்டுதல் சீட்டு. மடிப்பின் வெளியே மை ஊறித் தெரியும் சாய்ந்த கையெழுத்து. அவரை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுவே.

லைங் தாயா என்னும் புறநகரின் தையல் ஆலைப் பெண்களுக்காக வாசல் வாசலாக நின்று வாதாடியே தலை நரைத்தவர் அவர். பர்மியர் ஆசிரியையை அழைப்பதுபோல, அந்தப் பெண்கள் அவரை ஸயாமா என்றார்கள். செவ்வாய்தோறும் விரதமிருந்து, தாமுவேயில் நான் ஓதுவாராகப் பாடும் எங்கள் அம்மன் கோயிலுக்கு வருவார். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பெண்கள் காதோடு சொல்வதைச் சீட்டில் எழுதி அம்மன் பாதத்தில் வைப்பார். அவற்றை எவரும் பிரிப்பதில்லை. பௌர்ணமியன்று நானே கொண்டுபோய் ஆற்றில் கரைப்பேன்.

அவர் கவிதையும் எழுதினார். புத்தகமாக்குமுன் ஓசையைச் செப்பனிட்டுத் தரும்படி என்னிடம் கொடுத்தார். ஒரு பாடலில், ஆலையின் ஒன்பதாம் தையல் வரிசையில் காலர் தைக்கும் ஒருத்தி, பிள்ளை உண்டானால் வேலை போய்விடும், இந்த வருடமும் வயிற்றில் எதுவும் தங்க வேண்டாம் தாயே என்று மன்றாடுகிறாள். கண் கலங்கினேன். கவிஞர் பெண்ணாகி உருகும் பாடல்களிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். அந்தப் பாடல்களில் அழும் பெண் யாரென்று எவரும் கேட்பதில்லை. இவள் யாரென்று நானும் கேட்கவில்லை. இரண்டு சீர்களைத் திருத்தி, வெளியீட்டன்று கோயில் மண்டபத்தில் நானே பாடினேன்.

முன்வரிசையில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். பேரன் வேண்டி அந்த மாமியார் மூன்று வருடமாக விளக்கேற்றுவதைக் கோயிலில் அறியாதவரில்லை. "எவடி இவ, ஒன்ன மாதிரியே ஒம்போதாம் லைன்ல காலர் தைக்கிறா?" என்று சிரித்தபடி திரும்பியவர், மருமகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

மருமகள் என்னிடம் வந்தாள்.

"அம்மன்கிட்ட மட்டும் சொன்னது ஐயா. நீங்க ஏன் பாடுனீங்க?"

அவள் சீட்டில் எழுதச் சொன்னதையா பாட்டாக்கினீர்கள் என்று ஸயாமாவிடம் கேட்டேன். "பேரு போடலியே ஐயா. இது அவ ஒருத்தி கஷ்டமா? நாலு பேர் கேட்டாத்தானே நியாயம் கெடைக்கும்" என்றார். அதில் பொய்யில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா வேணாம்னுருவா" என்றார்.

அந்த வாரமே மருமகளை த்வாண்டேக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழைத்துவர இன்னும் எவரும் போகவில்லை. ஆலை வாசலில் பெண்கள் இப்போது அந்தப் பாட்டைப் பாடுகிறார்களாம், என் திருத்தங்களோடு. ஸயாமா கோயிலுக்கு வந்தால் கைகூப்புகிறேன்; பேசுவதில்லை.

செவ்வாய்தோறும் நான் பாடுவது நிற்கவில்லை. ஆனால் ஒரு பெண் அழும் அடி வரும்போது என் நாக்கு தயங்குகிறது. யாரம்மா நீ, உன்னைக் கேட்டார்களா என்று விசாரிக்காமல் அடுத்த அடிக்குப் போக முடிவதில்லை.