அப்பாவுக்குப் பட்ட வெடி

எங்கள் வகுப்பில் கவிதை என்றால் நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கு அறவே இல்லை. கல்யாண வீடுகளுக்கு வாழ்த்துமடல் எழுதித் தரும் சித்தப்பா ஒருவர் தென்காசியில் எங்களோடு இருந்தார். பள்ளிக் கவிதைப் போட்டிக்கு ‘போர்’ என்று தலைப்புக் கொடுத்தபோது குருதி ஆறு, பிணமலை எல்லாம் அவர் கைவசம் தயாராக இருந்தன. நானும் மேடையேறி, தொண்டை கட்டும்வரை முழங்கிவிட்டு வந்தேன்.

அடுத்து வந்தவள், இலங்கையிலிருந்து வந்து அகதி முகாமில் இருந்த பெண். என் வகுப்புதான், வாயே திறக்க மாட்டாள். மேடையில் கையைக்கூட அசைக்கவில்லை. மொத்தமே மூன்று வரி.

“அப்பாவுக்கு வெடி பட்டது.
அம்மா என் கண்ணைப் பொத்தினா.
காதைப் பொத்த மறந்துபோனா.”

தமிழ் டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பரிசாக வைத்திருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அவளுக்குப் போனது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வெடி பட்டதெல்லாம் ஒரு கவிதையா? என் அப்பாவுக்கும்தான் ஒரு தீபாவளிக்கு வெடி பட்டது. திரி அணைந்துவிட்டது என்று கையில் எடுத்தவருக்குச் சுண்டுவிரலில் பாதி போய், பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அதற்கு எங்களுக்கு ஒரு தட்டாவது கொடுத்தார்களா?

அடுத்த வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில், சித்தப்பாவைக் கேட்காமல் நானே எழுதி வாசித்தேன்.

“என் அப்பாவுக்கும் வெடி பட்டது.
பாதி விரல் போனது.
மீதி அப்பா வந்தார்.”

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. மணியடித்ததும் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“உன்ர அப்பா தப்பிட்டாரோ?”

“பின்னே? குத்தாலத்துல சிப்ஸ் போட்டுக்கிட்டு இருக்காவ.”

“நான் ஒருக்காப் பாக்கலாமோ?”

நன்றாகப் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்றுதான் சனிக்கிழமை கூட்டிப்போனேன். சீசன் நேரம். அருவிக்குப் போகிற சாலையில் எங்கள் கடை முன்னால் ஈரத்தலையோடு கூட்டம் நின்றது. அப்பா நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தார். என் வகுப்புப் பெண், முகாமிலிருந்து வருகிறாள் என்று சொன்னேன். அவள் அப்பாவின் கையையே பார்த்தாள். பிறகு கேட்காமல் கொள்ளாமல் அந்தப் பாதி விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“இதிலயோ வெடி பட்டது? இப்ப நோகுதோ, மாமா?”

அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். “அது லெச்சுமி வெடி” என்று சொல்ல நான் வாயைத் திறந்ததும், ஒரு பிடி சிப்ஸை அள்ளி என் வாயில் திணித்துவிட்டார்.

“இப்ப ஒண்ணும் வலிக்கலைம்மா. நல்லாத்தான் இருக்கேன், பாரு.”

அவள் சிரித்தாள். பள்ளியில் அவள் சிரித்து நான் பார்த்ததேயில்லை. சாயங்காலம்வரை அப்பாவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். பெரிய பொட்டலமும் அவளுக்குத்தான் கிடைத்தது.

அவளை பஸ் ஏற்றிவிட்டதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

“எதுக்கு என் வாயை அடைச்சிய?”

“ஏட்டி, அவங்க ஊர்ல வெடின்னா துப்பாக்கிக் குண்டுட்டி.”

“அப்போ நெசத்தைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லுதேன். இன்னைக்கு வேண்டாம்.”

அவர் சொல்லவேயில்லை. அவள் சனிக்கிழமைதோறும் வந்தாள். வந்ததும் முதலில் அந்த விரலைத் தொட்டுப் பார்ப்பாள், அப்புறம்தான் உட்காருவாள். ‘வாம்மா’ என்று அப்பா முகமெல்லாம் பல்லாக நிற்பார். பரிசு போனால் போகிறது, பெற்ற அப்பாவையுமா தட்டிக்கொண்டு போவாள்? பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் வைத்துப் போட்டு உடைத்தேன்.

“அது தீபாவளி வெடி, தெரியுமா?”

“தெரியும்,” என்றாள். “துவக்கு வெடி பட்ட கை அப்பிடி இருக்காது. முதல் நாளே தெரியும்.”

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். விரலைத் தொட்டுப் பார்த்தாள். தெரிந்த பிறகும் இவள் எதற்கு வருகிறாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. ஓசிச் சிப்ஸுக்குத்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.