தந்தியில் வந்த முன்னூறு, தபாலில் வந்த முன்னூறு

ஓர் ஏட்டில் இருப்பதை இன்னோர் ஏட்டில் ஏற்றுவதற்குக் கண் இருந்தால் போதும் என்று நம்பித்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மாசக் கடைசியில் வீட்டுக் கணக்கு நோட்டைப் பிரித்துவைத்து, உதைக்கிற பத்து ரூபாயைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளும் சக பாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

கப்பல் வந்தால்தான் கணக்கு

அறுபதுகளில் போர்ட் பிளேரில் ஒரு காண்டிராக்டரிடம் நான் குமாஸ்தா. எங்களிடமும் சாத்தம் மர மில்லிலும் வேலை பார்த்த தமிழர்கள் சிலர், மிச்சம் பிடித்ததைச் சென்னையில் ஒரு பேங்கில் போட்டுவைத்திருந்தார்கள். பேங்கிலிருந்து வரவு செலவு விவரம் இங்கிலீஷில் டைப் அடித்துக் கப்பல் தபாலில் வரும். அதை அவரவர் நோட்டில் தமிழில் எழுதிக் கொடுப்பது என் உபதொழில். கூலியாக மீனோ கத்திரிக்காயோ வரும். நான் வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

எங்கள் ஷெட்டில் வேலை செய்த முத்தையா புரோத்ராபூரிலிருந்து தினம் வருபவர். கப்பல் வந்த அன்று காலையிலேயே நோட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். தபால் மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஜஹாஜ் ஜெட்டியில நிக்குது, பாபு. என் ஹிசாப் மட்டும் நீந்தியா வருது?" என்றார். அந்தமான் தமிழில் கப்பல் ஜஹாஜ், கணக்கு ஹிசாப்.

இடமும் வலமும்

நம் நோட்டில் வரவு இடப்பக்கம், பற்று வலப்பக்கம். பேங்குக்காரன் காகிதத்தில் எடுத்த பணம் இடப்பக்கம், போட்ட பணம் வலப்பக்கம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரே நாளில் ஏழு நோட்டு எழுதியதில், முத்தையாவுக்கு இடத்தை இடத்திலும் வலத்தை வலத்திலும் அப்படியே இறக்கிவிட்டேன்.

மறுநாள் அவர் மனைவி பொன்னுத்தாய் நோட்டோடு வந்துவிட்டார். அந்த வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவர்தான். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

"நாங்க எடுத்துச் செலவு பண்ணினதெல்லாம் வரவுல இருக்கு, பாபு. இன்னும் கொஞ்சம் செலவு பண்ணினா பணக்காரங்க ஆயிடுவமா?"

இரண்டு முன்னூறு

இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை. சாத்தம் மில்லில் தச்சு வேலை செய்த அருளப்பன் தூத்துக்குடிக்காரர். மனைவி பிலோமினாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கேட்டால், கையில் இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்பார்.

ஒருநாள் தந்தியோடு வந்தார். பனங்காடு விற்ற பங்கில் முன்னூறு ரூபாயை அவர் அண்ணன் பேங்கில் கட்டியிருந்தார். தந்தித் தேதியைப் போட்டு வரவு எழுதினேன். அடுத்த கப்பலில் பேங்க் விவரம் வந்தது. அதிலும் முன்னூறு, தேதி மட்டும் மூன்று நாள் தள்ளி. பேங்க் தன் ஏட்டில் ஏற்றிய தேதி அது. நான் யோசிக்காமல் இன்னொரு வரவாக எழுதிவைத்தேன். பாக்கிப் பங்கையும் அண்ணன் கட்டிவிட்டார் என்று அருளப்பன் சந்தோஷப்பட்டு, குடும்பத்தைக் கிளம்பி வரச் சொல்லி, கப்பல் டிக்கெட்டுக்குப் பேங்க் செக்கும் வைத்து அன்றே கடிதம் போட்டுவிட்டார்.

அதற்கடுத்த விவரத்தில் மொத்தம் முன்னூறு ரூபாய் உதைத்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பிறகுதான் மேலே இரண்டு முன்னூறும் கண்ணில் பட்டன. பிலோமினா பிள்ளைகளோடு சென்னைக்கு ரயில் ஏறியிருப்பார். பேங்கில் நிஜமாக இருக்கிற பணத்தில் மூன்று பேருக்குக் கப்பல் டிக்கெட் எடுக்க முடியாது.

சாத்தம் பாலத்தை எப்படிக் கடந்தேனோ தெரியாது. அருளப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உளியைக் கீழே வைத்தார்.

"அவ ரெண்டு பிள்ளைகளோட ஹார்பர்ல நிப்பா. முதல்ல அதுக்கு வழி பாருங்க, பாபு. கோவத்தை அப்புறம் வச்சுக்கிடலாம்."

முதலாளி சொன்ன வழி

எங்கள் முதலாளி ஒரு ஆணியைக்கூட எண்ணிக் கொடுப்பவர். நான்கு மாதச் சம்பளம் முன்னூறு ரூபாய் முன்பணமாக வேண்டும் என்று அவர் முன்னால் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டார், நோட்டை வாங்கிப் பார்த்தார், என் முட்டாள்தனத்தை இந்தியில் கொஞ்சமும் தமிழில் நிறையவும் விவரித்தார். பிறகு பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். அந்த மனிதரை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். பணத்தோடு அவர் சொன்ன வழி:

"எழுதினதை அடிக்காதே. பேங்குக்குத் தந்தி மணியார்டர் போட்டு ரெண்டாவது முன்னூறையும் நெஜமாக்கிடு. ஹிசாப் டீக் ஆயிடும், சரியாப் போயிடும்."

கப்பலிலிருந்து இறங்கியவர்

பணம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பல் வந்த அன்று அருளப்பனோடு நானும் ஜெட்டிக்குப் போனேன். சின்னவன் அப்பாவைத் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். அருளப்பன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த முன்னூறை அவர் இரண்டு வருஷத்தில் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். படாக் மரத்தில் செய்த ஒரு மேஜையையும் தந்தார். இதை எழுதுவது அதன்மேல்தான்.

அன்று ஜெட்டியில் பிலோமினாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க சரியா எழுதியிருந்தா அவுக இன்னும் காசு சேத்துக்கிட்டே இருந்திருப்பாக, அண்ணாச்சி. நான் அங்கன கடுதாசி படிச்சிக்கிட்டே இருந்திருப்பேன்."

அன்றிலிருந்து எந்த வரவை எழுதினாலும் ஏற்கெனவே எழுதியிருக்கிறேனா என்று மேலே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒருநாள் மட்டும் பார்க்காமல் விட்டதற்குக் கடவுளுக்கு நன்றியும் சொல்லிக்கொள்கிறேன்.