எஸ்தர் ஓடிவந்த காலி மனை

போன வாரம் ஆதாரைப் புதுப்பிக்கத் திருவள்ளூர் போயிருந்தேன். கண்ணாடித் தட்டின் மேல் இடது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து வைக்கச் சொன்னார் அங்கிருந்த பெண். வைத்தேன். மூன்று விரல்கள் ஒழுங்காகப் படுத்துக்கொண்டன. மோதிர விரல் மட்டும் நடுவில் மடங்கி, கூரை போல எழும்பி நின்றது.

"இன்னா சார், வெரலு வளைஞ்சிக்கினு கீது?"

"ஒடஞ்சதும்மா. எஸ்தர் ஒடைச்சது."

"எந்த எஸ்தரு?"

"டிவியில வருதே, இண்டியா டீமுல ஃபாஸ்ட் பவுலிங் போடுதே, அந்தப் பொண்ணு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தொப்பையைப் பார்த்தார். "கொஞ்சம் அழுத்தி வைங்க சார்" என்றார். நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

உங்களிடமாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாப்பேட்டைக்காரனான நான் டிப்ளமோ முடித்ததும் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் காருக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கும்மிடிப்பூண்டியில் அறை, கம்பெனி பஸ், நீலச் சட்டை. உருகிய பிளாஸ்டிக்கின் வாடை சட்டையில் ஏறும், தலைமுடியில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில்கூட அந்த வாடைதான் அடிக்கும். இன்றைக்கும் எங்காவது பிளாஸ்டிக் கருகினால் எனக்குப் பசிக்கிறது. ஏனென்றால் அந்த வாடையோடு சேர்ந்தே ஒன்றரை மணிக்குச் சங்கு ஊதும். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நிற்கும். பத்து நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டு, கம்பெனிச் சுவரை ஒட்டிய காலி மனைக்கு ஓடுவோம். யாருக்கோ ஒதுக்கப்பட்டு, யாரும் கட்டாமல் கிடந்த இடம். அதுதான் எங்கள் மைதானம். நீலநிறப் பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அதுதான் ஸ்டம்ப்.

நான் விக்கெட் கீப்பர். திறமையால் அல்ல. எனக்குப் பந்து போடத் தெரியாது, மட்டை பிடிக்கத் தெரியாது, ஓட முடியாது. மீதி இருந்த வேலை அது ஒன்றுதான்.

எங்களில் நல்ல ஆட்டக்காரர் ஃபிட்டர் தேவராஜ். நாற்பதை நெருங்கியவர். இளவயதில் மாவட்ட லீக்கில் ஆடியவர் என்பதை வாரத்துக்கு ஒருமுறை எங்களுக்கு நினைவுபடுத்துவார். ஒருநாள் அவர் எங்கள் எல்லோருடைய பந்தையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தபோது, பேக்கிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் வேலிப் பக்கமிருந்து எழுந்து வந்தாள். பதினெட்டு வயது. ஒல்லி. நெடுநெடுவென்று உயரம்.

"அண்ணா, ஒரு ஓவரு குடுங்கண்ணா."

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அவள் கோபப்படவில்லை. கனமான சேஃப்டி ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். வெறுங்காலோடு மனையின் கோடிவரை நடந்து போனாள். அவ்வளவு தூரம் எதற்குப் போகிறாள் என்று யோசித்தேன்.

பிறகு ஓடிவந்தாள்.

பந்து அவள் கையைவிட்டுக் கிளம்பியதைப் பார்த்தேன். கூடை இரண்டு குட்டிக்கரணம் போட்டுப் போய் விழுந்ததைப் பார்த்தேன். நடுவில் நடந்தது எனக்குத் தெரியாது. தேவராஜ் மட்டையைத் தூக்கிய நிலையிலேயே நின்றுகொண்டிருந்தார். கூடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "இன்னொண்ணு போடும்மா."

அந்த ஓவரில் அவர் மட்டையில் ஒரு பந்தும் படவில்லை. முடிந்ததும் அவளிடம் போய்க் கேட்டார்.

"எங்கம்மா கத்துக்கின?"

"எளாவூர் செக்போஸ்ட்டாண்டண்ணா. ஆந்திரா லாரிங்க லைன்ல நிக்கும்ல, அது பக்கத்துல மண்ணுல. எங்க அண்ணனுங்க ஆடுவானுங்க, நான் போடுவேன்."

"இவ்ளோ நேரா போடறியே?"

"நேரா போடலன்னா லாரி மேல பட்ரும்ணா. டிரைவரு எழுந்து தெலுங்குல திட்டுவான்."

அவள்தான் எஸ்தர்.

அதன்பின் தினமும் அந்த அரைமணி நேரத்துக்காகவே வேலைக்குப் போனேன். அவளிடம் ஒருமுறை, "ஓடி வரப்போ இன்னா நெனச்சுக்குவ?" என்று கேட்டேன். "ஒண்ணும் நெனைக்க மாட்டேன்ணா. நெனச்சா மெதுவாப் பூடும்" என்றாள். இதைப் பற்றி நான் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, எல்லாவற்றிலும் மெதுவாகவே இருக்கிறேன்.

அதுவரை ரப்பர் பந்தில்தான் ஆடினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய தோல் பந்தைக் கொண்டுவந்தார். கையுறைக்கு எங்கே போவது? கம்பெனியில் கொடுத்த சேஃப்டி கையுறையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கூடைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அண்ணா, பக்கத்துல நிக்காத. இது கல்லு மாறி கீது."

கேட்கவில்லை. மூன்றாவது பந்தில் விரல் போயிற்று. உயிர் போகிற வலி. ஆனாலும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மண்ணில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலும் என் மனதில் ஓடியது, 'பார்க்கவே முடியலையே, இப்படியும் ஒரு வேகமா' என்பதுதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னேன். கட்டு பிரிந்தபின் ஒழுங்கான கையுறை வாங்கினேன். கூடையிலிருந்து பதினைந்து தப்படி பின்னால் போய் நின்றேன்.

மாவட்டத் தேர்வுக்குத் தேவராஜ் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். மற்றதையெல்லாம் அவளே செய்துகொண்டாள். மாவட்டத்தில் எடுத்தார்கள், அடுத்த வருடமே மாநில அணியில் எடுத்தார்கள். ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவாள், பயிற்சி முடித்து வந்து எட்டு மணி நேரம் நின்றபடி அட்டைப்பெட்டி தூக்குவாள். இடுப்பு வலித்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மேட்சில் பந்தைப் போட்டுவிட்டு நாலடி ஓடியவள் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பின் அடிப்பகுதியில் கீறல் விட்டிருந்தது. இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் திரும்பியபடி பந்து போட்டதில் வந்தது என்றார் சென்னை டாக்டர். மாதக்கணக்கில் பந்தைத் தொடக் கூடாது. மறுபடி போடுவதானால் போடும் விதத்தையே மாற்ற வேண்டும், அதற்கும் உத்தரவாதம் இல்லை. கான்ட்ராக்ட் வேலையும் போயிற்று.

நானும் தேவராஜும் எளாவூருக்குப் பார்க்கப் போனோம். தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். அவள் அம்மா குளோரி, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்ப்பவர், எங்களுக்கு டீ கொடுத்தார். "சரியாப் பூடும்மா, மறுபடியும் ஆடுவா" என்று நான் ஏதோ உளறினேன்.

"தம்பி, நீங்கல்லாம் வருவீங்க, கை தட்டுவீங்க" என்றார் குளோரி. குரல் உயரவேயில்லை. "காலைல அவளத் தூக்கி ஒக்கார வெக்கிறது நான்."

டீயைக் கீழே வைத்தேன். எஸ்தர் படுத்தபடியே ஒரு தோல் பந்தைக் கூரையை நோக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். பந்தின் தையல் சாயாமல் நிமிர்ந்தே சுழன்றது. ஒவ்வொரு தடவையும்.

பத்து மாதம். மாநில அணியில் வேறு பெண்கள் வந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சிகளை எஸ்தர் செய்தாள். கண்ணாடி முன்னால் நின்று, பந்தில்லாமல், இடுப்பும் தோளும் ஒன்றாகத் திரும்பும்வரை கையைச் சுற்றினாள். பிறகு ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "அண்ணா, ஞாயித்துக்கெழம வர்றியா? போட்டுப் பாக்கணும்."

காலி மனைக்கு அம்மாவோடு வந்திருந்தாள். குளோரி வேலிப் பக்கம், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். தேவராஜ் மட்டையோடு வந்தவர், பிடிக்க மனமில்லாமல் தள்ளி நின்றார். நான் கூடையிலிருந்து ஐந்து தப்படி பின்னால் நின்றேன். பாவம், எவ்வளவு வேகம் வந்துவிடப் போகிறது என்று எனக்கு நினைப்பு.

எஸ்தர் ஓடிவந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். வலிக்கிறதோ என்று பதறிப்போனேன்.

"அண்ணா, பின்னாடி போ."

ஐந்து தப்படி போனேன்.

"இன்னும்."

பழைய இடத்துக்கே போனேன். அவள் திரும்பி நடந்து, மறுபடி ஓடிவந்தாள். கால் ஊன்றியது வேறு மாதிரி இருந்தது. உடம்பு ஒரே கோட்டில் இருந்தது. பந்து தரையில் பட்டு எழும்பி, என் நெஞ்சுயரத்தில் கையுறைக்குள் வந்து விழுந்தபோதும் இன்னும் மேலேறிக்கொண்டேதான் இருந்தது. இரண்டடி பின்னால் தள்ளாடினேன். முன்பைவிட வேகம். சத்தியமாகச் சொல்கிறேன், முன்பைவிட வேகம்.

எஸ்தர் அம்மாவைப் பார்த்தாள். குளோரி முந்தானையை எடுத்தார்.

"இன்னொரு தபா போடு" என்றார்.

அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். மாநில அணிக்குத் திரும்பி, இரண்டே வருடத்தில் இந்திய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டாள். முதல் ஆட்டத்தை எளாவூரில் அவர்கள் வீட்டில்தான் பார்த்தோம். தெருவே உள்ளே இருந்தது. அவள் பந்து போடப் போட எல்லோரும் பந்தைப் பார்த்தோம், ஸ்டம்பைப் பார்த்தோம். குளோரி மட்டும் டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து மகளின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஓவரில் ஸ்டம்ப் பறந்தது. வீடு அதிர்ந்தது. தேவராஜ் ஓவென்று அழுதார். குளோரி எங்கள் பக்கம் திரும்பி, நிம்மதியாக ஒரே வார்த்தை சொன்னார்: "நேராத்தான் எறங்கறா."

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். வேலை விஷயமாகச் சமீபத்தில் தேர்வாய் கண்டிகைக்குப் போனேன். காலி மனை இல்லை. பெரிய தொழிற்சாலை எழும்பிவிட்டது. அவள் ஓட்டத்தை ஆரம்பிக்கும் மூலையில் கேட், செக்யூரிட்டி, லாரி எடைபோடும் மேடை. அதை எஸ்தரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தபோது அவளே வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். தேவராஜ் அண்ணன் எப்படியிருக்கிறார், உன் தொப்பை குறைந்ததா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டாள்.

"நம்ம கிரவுண்டுல இப்ப யாருண்ணா பவுலிங் போட்றாங்க?"

"கம்பெனி கட்டிட்டாங்க எஸ்தரு."

"சரி, பக்கத்துல வேற எடம் இருக்கும்ல?"

இருக்கிறது. இடமா இல்லை? சங்குதான் இல்லை. நாங்கள் வேலை பார்த்த கம்பெனியிலும் இப்போது மெஷின்கள் நிற்பதில்லை. நான்கு நான்கு பேராகச் சாப்பிடப் போகிறார்கள். நான்கு பேர் திரும்பினால்தான் அடுத்த நான்கு பேர் எழுந்திருக்கலாம். அதைச் சொன்னேன்.

"அப்ப டீமு எப்டிண்ணா சேரும்?" என்றாள்.